கேட்டோம் என்பதற்கு என்ன பொருள்?

2021-ஆம் ஆண்டு தொடங்கியபோது கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் வேலூரில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பிப்ரவரியில் சட்டமன்றம் ஒரு புதிய பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. பெயர் டாக்டர் ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகம், தலைமையிடம் விழுப்புரம். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அதன் எல்லைக்குள் போயின. மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 31 அன்று புதிய சட்டமன்றம் இன்னொரு மசோதாவை நிறைவேற்றி, அந்தப் பல்கலைக்கழகத்தைச் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிட்டது. அதுவரை தன் வளாகத்திலேயே பாடம் நடத்திவந்த அண்ணாமலை, மாவட்டக் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகமாக மாறியது. ஒரே ஆண்டில் மூன்று பெயர்கள்.

எனக்குச் சொந்த ஊர் சின்னசேலம். எங்கள் ஊரிலிருந்து வேலூர் போக வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை வழி. விழுப்புரம் என்றால் உளுந்தூர்பேட்டை வழி. சிதம்பரம் என்றால் விருத்தாசலம் வழி. ஒரு மதிப்பெண் பட்டியலில் எழுத்துப்பிழை இருந்தால் எந்தப் பக்கம் பஸ் ஏறுவது என்ற கேள்விக்கு அந்த ஆண்டில் மூன்று பதில்கள் வந்து போயின. நான் படித்தது பொறியியல், அது அண்ணா பல்கலைக்கழகக் கணக்கு. அதனால் இந்த இடமாற்றம் எதுவும் என்னைத் தொடவில்லை. ஆனால் ஒரு மென்பொருள்காரனாக இதைப் படித்தபோது முதலில் தோன்றியது, ‘மைக்ரேஷன் வேலையை யார் பார்த்திருப்பார்கள்?’ என்பதுதான்.

ஏனென்றால் பல்கலைக்கழகம் மாறுவது போர்டு மாற்றுகிற வேலை இல்லை. பாடக்குறியீடு மாறும். பாடத்திட்டம் மாறும். பழைய மாணவர்கள் பழைய பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுதி முடிக்கும்வரை இரண்டு கணக்கையும் ஒரே அலுவலகம் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். கட்டணம் கட்டும் இணையதளம், வினாத்தாள் வரும் வழி, விடைத்தாள் திருத்தும் மையம், சான்றிதழில் வரும் முத்திரை எல்லாமே மாறும். இத்தனையையும் செய்யப்போவது கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் இளநிலை உதவியாளரும், தேர்வுப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியரும். அந்த நாட்களின் செய்திகளில் ஒரு தலைவரின் பெயரை நீக்கலாமா கூடாதா என்ற சண்டைதான் முன்னால் நின்றது. வெளிநடப்பு நடந்தது, மறியல் நடந்தது. அந்த இளநிலை உதவியாளர் என்ன நினைத்தார் என்று ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை.

இந்தக் கட்டுரை அந்த முடிவு சரியா தவறா என்பதைப் பற்றியது அல்ல. இரண்டு பக்கமும் வாதங்கள் உண்டு. எனக்குள்ள கேள்வி வேறு. ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமை தன் ஊழியர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஏன் கேட்க வேண்டும்? கேட்டுவிட்டு என்ன செய்ய வேண்டும்? கேட்டபடி செய்யாவிட்டால், கேட்டதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

முதல் பதில் சுலபமானது: கேட்டால் லாபம். கீழே இருப்பவருக்குத் தெரிந்தது மேலே இருப்பவருக்குத் தெரியாது. கல்வராயன் மலையிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரிக்கு வருகிறாள் என்று வையுங்கள். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி என்று சுற்றறிக்கை வருகிறது. மலையில் செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது, பஸ் எத்தனை மணிக்குக் கீழே இறங்கும், சாதிச் சான்றிதழ் கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் பல வருடமாக அந்தச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். சுற்றறிக்கையை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் இருக்கும் இடத்திலிருந்து அது தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2000 ஆகஸ்டில் ‘கேப்ஸா’ என்ற புதிய கணக்கு மென்பொருளுக்கு மாறியது. துறைகளின் வரவு செலவு, கொள்முதல் எல்லாம் அதன் வழியாகத்தான். மாறிய உடனேயே குழப்பம். எவ்வளவு பணம் மிச்சமிருக்கிறது என்பதைத் துறைகளால் பார்க்க முடியவில்லை, வாங்கிய பொருளுக்குப் பணம் போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ 90 லட்சம் பவுண்டு செலவான விவகாரம். அடுத்த ஆண்டு நவம்பரில் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. மென்பொருள் பக்கத்தை ஆராய்ந்தவர் கணினி அறிவியலாளர் அந்தோணி ஃபிங்கல்ஸ்டைன். நிர்வாகப் பக்கத்தை ஆராய்ந்தவர் மைக்கேல் ஷட்டாக். மென்பொருளில் கோளாறு இருந்தது உண்மை. ஆனால் அதைத் தினமும் பயன்படுத்தப்போகிற அலுவலர்களுக்கு என்ன தேவை என்று ஒழுங்காகக் கேட்டறியாததும், அவர்களைத் தயார் செய்யாததும், யார் பொறுப்பு என்பதே தெளிவில்லாமல் வேலை நடந்ததும் அந்தக் கதையின் பெரிய பகுதி. கோடிங் எழுதத் தெரிந்த எவருக்கும் இது புதிதாக இருக்காது. பயனரிடம் பேசாமல் கட்டிய எந்த மென்பொருளும் இப்படித்தான் விழும்.

ஆக, கேட்டால் லாபம், கேட்காவிட்டால் நஷ்டம். பெரும்பாலான மேலாண்மைப் புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடும். எனக்கு இந்தப் பதிலில் ஒரு சங்கடம் உண்டு. நான் செய்யும் வேலையே டேஷ்போர்டு கட்டுவதுதான். எத்தனை பேர் கட்டணம் கட்டவில்லை, எந்த ஊர்க்காரர்கள், எத்தனை மணிக்கு முயற்சி செய்து தோற்றார்கள் என்று எல்லாவற்றையும் திரையில் கொண்டுவந்துவிடலாம். இன்னும் சில வருடத்தில் இன்னும் துல்லியமாகக் கொண்டுவரலாம். அப்படி ஒரு நாள் சன்னலுக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரிந்ததெல்லாம் துணைவேந்தரின் திரையிலேயே தெரிந்துவிட்டால், அவரிடம் கேட்க வேண்டிய கடமை முடிந்துவிடுமா?

முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஒருவருடைய வேலையை, அவர் போகும் ஊரை, அவர் மாலை வீடு திரும்பும் நேரத்தை மாற்றும் முடிவை நீங்கள் எடுக்கிறீர்கள். அந்த முடிவைச் சுமக்கப்போகிறவர் அவர். அவருக்குத் தெரிந்த தகவல் எனக்கு வேறு வழியில் கிடைத்துவிட்டது என்பதால் அவர் ஒரு தகவல் பெட்டியாகிவிட மாட்டார். ஏன் இப்படி என்று கேட்கவும் பதில் பெறவும் அவருக்கு உரிமை இருக்கிறது. லாபக் கணக்கிலிருந்து இந்த உரிமை வரவில்லை. அதனால் லாபம் இல்லாத இடத்திலும் அது இருக்கும்.

இந்த இடத்தில் தமிழ் எனக்கு உதவுகிறது. ‘கேள்’ என்ற ஒரே வினையை நாம் பல வேலைக்கு வைத்திருக்கிறோம். வினவுவதும் கேட்பதுதான், காது கொடுப்பதும் கேட்பதுதான். ‘பையன் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்’ என்று ஒரு அம்மா சொன்னால் அவனுக்குக் காது செவிடு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, அங்கே கேட்பது என்றால் கீழ்ப்படிவது. ‘அநியாயத்தைத் தட்டிக் கேக்க ஆளில்லை’ என்னும்போது கேட்பது என்றால் பொறுப்பேற்க வைப்பது. ஒருவரும் கவனிக்காத பொருளைக் ‘கேட்பாரற்றுக் கிடக்கிறது’ என்கிறோம்.

‘ஊழியர்களின் கருத்துகளைக் கேட்டோம்’ என்று ஒரு நிர்வாகம் அறிவிக்கும்போது சண்டை பெரும்பாலும் இந்தப் பொருள்களுக்கு நடுவேதான் நடக்கிறது. நிர்வாகம் சொல்வது இரண்டாவது பொருள்: காதில் வாங்கினோம். ஊழியர் எதிர்பார்ப்பது மூன்றாவது: நான் சொன்னபடி செய்யுங்கள். சொன்னபடி நடக்காதபோது ‘எங்க கேட்டீங்க?’ என்கிறார் இவர். ‘கேட்டோமே!’ என்கிறார் அவர். இருவரும் பொய் சொல்லவில்லை.

மூன்றாவது பொருளை ஒரு பல்கலைக்கழகத் தலைமைமேல் சுமத்த முடியாது. அதற்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகமே சாட்சி. 1929-இல் தொடங்கிய நிறுவனம். 2012 இறுதியில் அங்கே நிதி நெருக்கடி வெளியே வந்தது. ஆட்குறைப்பு, சம்பளக் குறைப்பு என்ற பேச்சு எழுந்ததும் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013 ஏப்ரலில் அரசு சிவதாஸ் மீனா ஐ.ஏ.எஸ்.ஸை நிர்வாகியாக நியமித்தது. அந்த ஆண்டே தனிச் சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் 12,000-க்கும் மேல். தேவைக்கு மீறிய நியமனங்கள் நெருக்கடிக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. பின்னர் உபரி என்று கணக்கிடப்பட்டவர்கள் மாநிலம் முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பணி நிரவல் என்ற பெயரில் அனுப்பப்பட்டார்கள்.

அந்த நெருக்கடியின் நடுவே ஒரு நிர்வாகி ஊழியர்களிடம் ‘ஆட்களைக் குறைக்கலாமா?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? வீட்டுக்கடன் இருப்பவர், பிள்ளையை அங்கேயே பள்ளியில் சேர்த்திருப்பவர், அப்பா அம்மாவைச் சிதம்பரத்துக்கே அழைத்து வந்துவிட்டவர் என்ன சொல்வார்? அந்தப் பதிலுக்கு ஒரு நிர்வாகி அப்படியே கீழ்ப்படிய முடியாது. ஊழியர் சொல்வதால் மட்டும் ஒன்று சரியாகிவிடாது. ஊழியருக்கும் சொந்த நலன் உண்டு, சங்கத்துக்கும் உண்டு. இதை ஒப்புக்கொள்ளாமல் ‘ஊழியர் குரல்’ என்று உருகுவதில் பயனில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 12,000 பேர் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்துவிடவில்லை. வருடக்கணக்கில் முடிவுகள் எடுக்கப்பட்டுத்தான் அந்த எண்ணிக்கை வந்தது. வரவைவிடச் சம்பளப் பட்டியல் வேகமாக நீள்கிறது என்பதை ஒரு நிறுவனத்தில் முதலில் பார்ப்பவர் கணக்குப் பிரிவில் இருப்பவர். அப்படிப்பட்டவர் அதை எழுத்தில் சொல்லவும், சொன்னதற்கு எழுத்தில் பதில் பெறவும் ஒரு வழி இருக்கும் நிறுவனம் வேறு மாதிரி வளரும் என்று நம்புகிறேன். ஏனென்றால் கடைசியில் விலை கொடுத்தவர்கள் அந்த முடிவுகளை எடுத்தவர்கள் இல்லை. சிதம்பரத்தில் குடும்பத்தை விட்டுவிட்டு வேறு மாவட்டத்தில் அறை எடுத்துத் தங்கியவர்கள்தான். திருவள்ளுவர் அரசனுக்குச் சொல்லும் எச்சரிக்கைகளில் ஒன்று, இடித்துச் சொல்பவர்கள் பக்கத்தில் இல்லாதவனைக் கெடுக்கப் பகைவன் தேவையில்லை, அவன் தானாகவே கெடுவான் என்பது. இடித்துச் சொல்பவர் சொல்வதையெல்லாம் செய் என்று அவர் அங்கே கட்டளையிடவில்லை. அப்படி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள் என்கிறார்.

சரி, கீழ்ப்படிய வேண்டாம், காதில் மட்டும் வாங்கினால் போதுமா? போதாது. இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. பதில்.

எங்கள் தொழிலில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் ஒரு பிழையைப் பதிவு செய்யலாம். பதிவு செய்த உடன் அதற்கு ஒரு எண் வரும். அதை மூடும்போது ஒரு நிலையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அவற்றில் ஒன்று ‘வோன்ட் ஃபிக்ஸ்’. அதாவது, நீங்கள் சொன்னது புரிகிறது, ஆனால் இதை நாங்கள் சரிசெய்யப் போவதில்லை. நல்ல அணிகளில் அதன் கீழே காரணமும் இருக்கும். பழைய வாடிக்கையாளர்களுக்கு இது உடையும், செலவு அதிகம், அடுத்த ஆண்டு இந்தப் பகுதியையே தூக்கப்போகிறோம் என்று ஏதாவது ஒன்று. அதைப் படிக்கும்போது கோபம் வரும். ஆனால் அவமானமாக இருக்காது. என் சொல்லை ஒருவர் எடுத்துப் படித்து, யோசித்து, பெயர் போட்டு மறுத்திருக்கிறார். காரணம் தப்பு என்றால் நான் திரும்ப வாதாடலாம்.

என் சித்தப்பா வேறொரு மாவட்டத்தில், பெயர் தேவையில்லாத ஒரு கல்வி நிறுவனத்தில், அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தேர்வு விண்ணப்பத்தை எப்படி எளிதாக்கலாம் என்று இரண்டு பக்கம் டைப் அடித்து மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். ‘என்ன ஆச்சு சித்தப்பா?’ என்றேன். ‘ஒண்ணும் ஆகலடா. முடியாதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா, சரி, யாரோ படிச்சாங்கன்னு இருந்திருப்பேன். அதுக்கப்புறம் நானும் எழுதறத விட்டுட்டேன்’ என்றார். கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகம் ஒன்றில், ஒரு நிறுவனம் சரியும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி என்கிறார்: வெளியேறுவது, குரல் கொடுப்பது. விசுவாசம் இருப்பவர் வெளியேறாமல் குரல் கொடுப்பார். அரசு சார்ந்த வேலையில் நம் ஊரில் யாரும் வெளியேறுவதில்லை. குரலும் போய்விட்டால் மிஞ்சுவது, பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகும் ஓர் உடல். ‘ஊழியர்கள் ஈடுபாடு இல்லாமல் இருக்கிறார்கள்’ என்று பிறகு அதே தலைமை குறைப்படும்.

பதில் சொல்லும் கடமையை ஒரு படிவமாக்கிவிட முடியும் என்பதும் உண்மை. 1994-இல் தொடங்கிய நாக் அமைப்பின் மதிப்பீட்டில், ஆசிரியர் மாணவர் முதலியோரிடம் கருத்துப் பெற்றீர்களா, அதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று காட்ட வேண்டிய பகுதி இருக்கிறது. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் குழு வருவதற்கு முந்தின வாரம் எல்லாப் படிவத்திலும் ‘மிக நன்று’ என்று டிக் போடும் காட்சியை, எந்தக் கல்லூரி என்று சொல்லாமலே, வாசகர்கள் பலர் கண்ணால் பார்த்திருப்பீர்கள். படிவத்தில் ‘மோசம்’ என்று எழுதுவதற்கு ஒரு விலை இருந்தால், அந்தப் படிவம் எதையும் கேட்கவில்லை.

யாருக்கு அந்த விலை அதிகம் என்று பார்த்தால் விஷயம் இன்னும் கடுமையாகும். கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிப் போவோம். அங்கே ரீஜன்ட் ஹவுஸ் என்று ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் மூத்த அலுவலர்களும் உறுப்பினராக உள்ள ஒரு சபை இருக்கிறது. நிர்வாகம் ஒரு திட்டத்தை முன்வைத்தால் அதன்மேல் பேசலாம். பேசியதெல்லாம் பல்கலைக்கழக இதழில் சொல்லுக்குச் சொல் அச்சாகும். அதற்கு நிர்வாகக் குழு பதிலும் அச்சாகும். நான் மேலே கேட்டது ஏறக்குறைய இதைத்தான். இவ்வளவு இருந்தும் கேப்ஸா விழுந்தது. அந்த மென்பொருளில் நாள் முழுக்கப் பில் போட வேண்டியிருந்த உதவி அலுவலர்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை. காதுகள் இருந்தன, ஆனால் அவை குறிப்பிட்ட திசையில் மட்டும் திரும்பியிருந்தன.

நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அரசுக் கலைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான வகுப்புகள் அவர்கள் தோளில் ஓடுகின்றன. ஆண்டில் 11 மாதம்தான் சம்பளம். முழுநேர வேலைக்கு மாதம் 50,000 ரூபாய் வரை என்று 2019-இல் யுஜிசி வழிகாட்டியது, இங்கே அதில் பாதிதான் பேச்சு. பாடத்திட்டம் மாறினால் முதலில் திணறப்போவதும், எந்த மாணவன் ஏன் நின்றுவிட்டான் என்று முதலில் தெரிந்துகொள்வதும் அவர்கள். பாடத்திட்டக் குழுவிலோ செனட்டிலோ சிண்டிகேட்டிலோ அவர்களுக்கென்று நாற்காலி கிடையாது. மூட்டா, ஏயுடி போன்ற ஆசிரியர் சங்கங்கள் நிரந்தர ஆசிரியர்களுக்கு ஒரு குரலைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கின்றன. அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாதவர் எந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்பார்? நின்றாலும், அவர் சொல்வது ‘கெஸ்ட் லெக்சரர் சொல்றாங்க’ என்று எடைபோடப்படும். சொல்வது என்ன என்று பார்க்காமல், சொல்பவர் யார் என்று பார்த்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பது ஒரு தனி வகை அநீதி என்று மிராண்டா ஃபிரிக்கர் 2007-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சாதியும் பதவியும் குரலின் எடையைத் தீர்மானிக்கும் ஊரில் வளர்ந்த நமக்கு இதை விளக்க ஒரு தத்துவவாதி தேவையில்லைதான். ஆனால் அதை அநீதி என்ற பெயரில் அழைப்பதற்கு அவர் உதவுகிறார்.

பதில் சொல்ல அதிகாரமுள்ள ஓர் ஆளும் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரை யார் நியமிப்பது என்ற ஆளுநர்-அரசு மோதலில் அந்த நாற்காலி நீண்ட காலம் காலியாகக் கிடந்தது, ஒரு குழுதான் நிர்வாகத்தைப் பார்த்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஊழியர்கள் சம்பளத்துக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் போராட வேண்டியிருந்தது. துணைவேந்தர் நியமன மசோதாக்கள் உச்ச நீதிமன்றம்வரை போய், 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பு வந்தது. நியமன அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி முக்கியமானதுதான். ஆனால் அது நடந்துகொண்டிருந்தபோது ஒரு தேர்வுப் பிரிவு உதவியாளர் தன் யோசனையை எழுதி யாருக்கு அனுப்புவார்? ‘கேட்பாரற்று’ என்ற சொல்லின் முழுப் பொருளும் அங்கே இருந்தது.

இப்படியெல்லாம் யோசித்தபின் ஒரு பல்கலைக்கழகத் தலைமையிடம் நான் எதிர்பார்ப்பது சின்ன விஷயம்தான். முடிவெடுத்த பிறகு வேண்டாம், முன்பே கேளுங்கள். வேலை நிரந்தரமில்லாதவர் பயமில்லாமல் சொல்ல வழி செய்யுங்கள். வந்த ஒவ்வொரு யோசனைக்கும், ஏற்றாலும் மறுத்தாலும், காரணத்தோடும் கையெழுத்தோடும் எல்லோரும் பார்க்கும்படி பதில் போடுங்கள். மறுக்கும் உரிமை உங்களுடையது. ஆனால் காரணம் சொல்லி மறுக்கத் தெரியாத ஒரு முடிவை எடுக்கும்போது, அந்த முடிவையே இன்னொரு தரம் பார்க்க வேண்டியிருக்கும். பதில் எழுதும் கடமை ஊழியரைவிடத் தலைமையைத்தான் அதிகம் காப்பாற்றும் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

எங்கள் பகுதிக் கல்லூரிகளின் பல்கலைக்கழகம் மறுபடியும் மாறலாம். ஆட்சிகள் மாறும்போது அப்படித்தான் நடக்கிறது. அப்போதும் சட்டமன்றம்தான் முடிவெடுக்கும், எடுக்கட்டும். அதற்கு முன்பு கள்ளக்குறிச்சியில் ஒரு நாள் உட்கார்ந்து, மாற்றத்தைச் செய்யப்போகிற அந்த எழுத்தர்களையும் கௌரவ விரிவுரையாளர்களையும் கூப்பிட்டு, ‘இதில் என்னென்ன உடையும்?’ என்று கேட்கலாம். அவர்கள் ஒரு பட்டியல் சொல்வார்கள். மலையிலிருந்து வரும் பஸ் நேரமும் அதில் இருக்கும்.